ஆண்ட்ராய்டா, ஐபோனா: சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

கல்யாண வீடானாலும் சரி, காரிய வீடானாலும் சரி, பந்தியில் இலை போட்டு முடிப்பதற்குள் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தம்பி, போன் மாத்தலாம்னு இருக்கேன், எது வாங்கலாம்?" என்று ஆரம்பித்துவிடுவார். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆபீசில் கொடுத்த ஐபோன் ஒரு பாக்கெட்டில், சொந்தக் காசில் வாங்கிய ஆண்ட்ராய்டு இன்னொரு பாக்கெட்டில் என்று நாலு வருடமாக அலைகிறேன், அவ்வளவுதான் என் தகுதி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் அடிக்கடி வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிறார்களே, போன் வேறு அது வேறா?

போனைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் ஓட்டுகிற அடிப்படை மென்பொருள் அது. ஐபோனில் இருப்பது ஐஓஎஸ். அதை ஆப்பிள் மட்டும் செய்கிறது, ஆப்பிள் போனில் மட்டும்தான் அது ஓடும். கடையில் வரிசையாக வைத்திருக்கும் சாம்சங், ரெட்மி, விவோ, ஒப்போ, மோட்டோ எல்லாவற்றிலும் ஓடுவது ஆண்ட்ராய்டு. 2003இல் ஒரு சின்னக் கம்பெனியாகத் தொடங்கிய அதை 2005இல் கூகுள் வாங்கிப் போட்டது. 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை மேடையில் காட்டினார், அடுத்த வருடமே முதல் ஆண்ட்ராய்டு போன் கடைக்கு வந்துவிட்டது.

ஆண்ட்ராய்டின் அடித்தளம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தது. எடுத்த கம்பெனி ஒவ்வொன்றும் அதன்மேல் தன் கைவரிசையைக் காட்டும். அதனால் "ஆண்ட்ராய்டு மோசம்ப்பா" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்த போன், எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்றுதான். எட்டாயிரம் ரூபாய் போனும் எண்பதாயிரம் ரூபாய் போனும் பெயரளவில்தான் ஒன்று.

நம் நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆண்ட்ராய்டுதானே வைத்திருக்கிறார்கள், அப்போ அதுதானே நல்லது?

அந்தக் கணக்கு பர்ஸைக் காட்டும் கணக்கு. உலக அளவில் பார்த்தால் பத்துப் பேரில் ஏழு பேரிடம் ஆண்ட்ராய்டு இருக்கிறது. ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பாதிக்கு மேல் ஐபோன். அங்கே பல காலமாகப் போனை சிம் கம்பெனியே மாதத் தவணையில் தலையில் கட்டிவிடும், முழு விலை கண்ணில் படாது. நம் ஊரில் நேற்றுவரை கையில் காசை எண்ணி வைத்துத்தான் போன் வாங்கினோம். 2014 செப்டம்பரில் கூகுள் ஆண்ட்ராய்டு ஒன் என்று இந்தியாவில் ஒரு திட்டம் கொண்டு வந்தது. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் என்று மூன்று கம்பெனிகள், விலை 6,399 ரூபாயில் ஆரம்பம். அந்த விலையில் ஐபோனுக்கு உறைகூட நல்லதாகக் கிடைக்காது என்று அப்போது ஒரு நண்பன் சொல்வான், கொஞ்சம் மிகைதான்.

எங்கள் பக்கத்துச் சந்துகளில் அதிகம் ஓடுவது டிவிஎஸ் எக்ஸ்எல். அதற்காகக் கார் மோசம் என்று யாரும் சொல்வதில்லை. கார் வைத்திருப்பவர் எக்ஸ்எல்லைப் பார்த்துச் சிரித்தால், அவர் உரமூட்டை ஏற்றிப் பழகாதவர் என்று அர்த்தம்.

ஐபோன் வைத்திருப்பதெல்லாம் வெறும் கெத்துதானே?

கெத்தும் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். கண்ணாடி முன்னால் நின்று படம் எடுக்கும்போது ஆப்பிள் படம் தெரிகிற மாதிரி விரலை நகர்த்திப் பிடிப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் சம்பளம் வந்த மாதமே இருபத்துநாலு மாத இஎம்ஐயில் ஐபோன் எடுத்தவனும் எங்கள் வீட்டில் இருக்கிறான்.

ஆனால் கெத்து ஒரு வருடத்தில் தேய்ந்துவிடும். அதற்குப் பிறகும் விடமாட்டேன் என்பவர்களுக்கு வேறு காரணம் இருக்கிறது. முதல் காரணம், அது ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கிறது. 2015இல் வந்த ஐபோன் 6எஸ்ஸுக்கு 2021இல் வெளியான ஐஓஎஸ் 15வரை அப்டேட் கிடைத்தது, ஆறு வருடம். மலிவு ஆண்ட்ராய்டு போன்களில் பலவற்றுக்கு ஒன்றிரண்டு பெரிய அப்டேட்டோடு கதை முடிந்துவிடும். இப்போது கூகுள் பிக்சல் 8இலிருந்தும் சாம்சங் எஸ்24இலிருந்தும் ஏழு வருடம் தருகிறோம் என்று இரண்டு கம்பெனியும் சொல்லிவிட்டன. சரி, ஆனால் அவையும் ஐபோன் விலையில்தான் இருக்கின்றன. ஆபீசில் ஒருவர் ஐந்து வருடமாக ஒரே ஐபோனை வைத்திருக்கிறார், நடுவில் பேட்டரி மட்டும் ஒருமுறை மாற்றினார். அதே ஐந்து வருடத்தில் நான் இரண்டு ஆண்ட்ராய்டு வாங்கிவிட்டேன். இரண்டு பேர் செலவையும் கணக்குப் போட்டுப் பார்த்தோம், பழைய போனை விற்ற காசையும் கழித்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

அம்மாவுக்கு ஐபோன் வாங்கிக் கொடுக்கலாமா? சுலபமாக இருக்கும் என்கிறார்களே.

வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன், பதினொரு நாள் தாங்கியது.

அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. ஏழெட்டு வருடமாக ஆண்ட்ராய்டு. திரையின் அடியில் மூன்று பொத்தான் வருமே, முக்கோணம், வட்டம், கட்டம், அதில் அந்த முக்கோணம்தான் அம்மாவுக்குக் கடவுள். எங்கே மாட்டிக்கொண்டாலும், என்ன விளம்பரம் வந்து மறைத்தாலும், கட்டை விரலால் அதை நாலு தடவை தட்டினால் வீடு வந்து சேர்ந்துவிடலாம் என்பது அவர் கண்டுபிடித்த வழி. ஐபோனில் அந்தப் பொத்தான் கிடையாது. சில இடத்தில் மேலே இடப்பக்க மூலையில் ஒரு அம்புக்குறி இருக்கும், சில இடத்தில் ஓரத்திலிருந்து விரலை இழுக்க வேண்டும், சில இடத்தில் பக்கத்தையே பிடித்துக் கீழே தள்ள வேண்டும். எனக்கு இதெல்லாம் கை தானாகச் செய்கிறது. அம்மாவோ ஒன்றும் இல்லாத இடத்தில் கட்டை விரலை வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தார், பழைய வீட்டை விட்டு வந்த பிறகும் இருட்டில் சுவரில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி. போன்மேல் ஒரு குற்றமும் இல்லை. முதல் போனே ஐபோனாக இருந்திருந்தால் இந்தக் கதை தலைகீழாக நடந்திருக்கும்.

இத்தனை பேர் கேட்டு, இத்தனை பேருக்குச் சொல்லி எனக்குப் புரிந்தது இதுதான்: விருப்பம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி கட்டை விரலின் பழக்கம். காரணங்களை அப்புறம்தான் தேடிக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் இருக்கும் பேத்தி ஆண்ட்ராய்டு வேண்டவே வேண்டாம் என்கிறாள். பள்ளியில் கிண்டல் செய்வார்களாம். என்ன கூத்து இது?

சித்தி ஒருவர் கேட்டது. கூத்து உண்மைதான். ஐபோனிலிருந்து ஐபோனுக்குச் செய்தி அனுப்பினால் அது ஐமெசேஜ் வழியாகப் போகும், 2011இல் வந்தது, நீல நிறத்தில் தெரியும். ஆண்ட்ராய்டுக்கு அனுப்பினால் பச்சையில் தெரியும், 2024வரை அது பழைய எஸ்எம்எஸ் வழியாகத்தான் போனது. நிறத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை, வீடியோ மங்கிப் போனது, குழுவில் ஒரே ஒரு ஆண்ட்ராய்டு இருந்தால் பல வசதிகள் மொத்தக் குழுவுக்கும் இல்லாமல் போயின. பதினைந்து வயதுப் பிள்ளைகள் குழுவில் யாரைக் குறை சொல்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இது தற்செயலாக நடந்ததும் இல்லை. எபிக் கேம்ஸ் என்ற விளையாட்டுக் கம்பெனி ஆப்பிள்மேல் தொடுத்த வழக்கில் ஆப்பிளின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்கும் கொடுத்துவிட்டால், ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித் தருவதற்கு இருக்கிற ஒரு தடை நீங்கிவிடும் என்று அதில் கிரெய்க் ஃபெடரிகி எழுதியிருந்தார், ஐஓஎஸ் பிரிவின் தலைவரே அவர்தான். 2022இல் ஒரு கூட்டத்தில், நான் அனுப்பும் வீடியோ அம்மாவுக்குச் சரியாகத் தெரிவதில்லை என்று ஒருவர் அப்போது ஆப்பிளின் தலைமை அதிகாரியாக இருந்த டிம் குக்கிடம் சொல்ல, உங்கள் அம்மாவுக்கு ஒரு ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்று பதில் சொன்னார். 2024இல் ஐஓஎஸ் 18 வந்த பிறகு ஆர்சிஎஸ் என்ற புது முறையில் படமும் வீடியோவும் ஒழுங்காகப் போகின்றன. நிறம் மட்டும் இன்னும் பச்சைதான்.

நம் ஊரில் இந்தத் தொல்லை இல்லாததற்கு வாட்ஸ்அப்தான் காரணம். அதில் லட்ச ரூபாய் போன் வைத்திருப்பவர் அனுப்பும் "காலை வணக்கம்" ரோஜாப்பூவும் பத்தாயிரம் ரூபாய் போனிலிருந்து வரும் ரோஜாப்பூவும் ஒன்றுதான்.

மாறினால் வாட்ஸ்அப்பில் இருப்பதெல்லாம் போய்விடுமா?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியமானது. நிறையப் பேர் ஒரே பக்கம் நிற்பதற்கு இந்தப் பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

சிக்கல் எங்கே என்றால், ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்கில் ஏறுகிறது, ஐபோனில் ஆப்பிளின் ஐகிளவுடில் ஏறுகிறது. ஒன்றில் ஏற்றியதை இன்னொன்றில் அப்படியே இறக்க முடியாது. முன்பு மாறியவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் போனார்கள். 2021இல் ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குக் கேபிள் போட்டு மாற்றும் வசதி வந்தது, முதலில் சாம்சங் போன்களுக்கு. 2022இல் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாற்றும் வழியும் வந்தது. அதற்கு "மூவ் டு ஐஓஎஸ்" என்று ஆப்பிளே ஒரு ஆப் கொடுக்கிறது, பழைய போனில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனிக்காமல் என் அத்தை மகள் ஒரு நாள் முழுக்க அழுதாள். புது ஐபோனை முதன்முதலாக ஆன் செய்து பேர், மொழி எல்லாம் கேட்கும்போதே, நடுவில், ஆண்ட்ராய்டிலிருந்து கொண்டு வரவா என்று ஒரு கேள்வி வரும். அப்போதே செய்துவிட வேண்டும். கடையில் ஆர்வமாக "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தால், போனை முழுக்க அழித்துத் திரும்ப முதலிலிருந்து வர வேண்டியதுதான். அவள் அதற்குள் முந்நூறு படம் எடுத்திருந்தாள். இரண்டு போனும் சார்ஜில் இருக்கட்டும், ஒரே வைஃபையில் இருக்கட்டும், அதே நம்பர் இருக்கட்டும். அவசரப்பட்டுப் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், ஒரு வாரம் அலமாரியில் கிடக்கட்டும்.

ஐபோனை ஹேக் செய்யவே முடியாதாமே?

யார் சொன்னது? 2021இல் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் விவகாரம் வெடித்தபோது, எந்த லிங்க்கையும் தொடாமலே உள்ளே புகப்பட்ட ஐபோன்களும் அதில் இருந்தன. ஆனால் அது பத்திரிகையாளர்கள், அரசியல்வாதிகள் பிரச்சினை. நம்மைப் போன்றவர்களுக்கு வருவது வேறு மாதிரி. வாட்ஸ்அப்பில் "கல்யாண அழைப்பிதழ்" என்றோ "டிராஃபிக் அபராதம்" என்றோ ஒரு ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு வரும், தட்டினால் ஓடிபி எல்லாம் மோசடிக்காரன் கைக்குப் போய்விடும், போலீஸே இதைப்பற்றி எச்சரித்திருக்கிறது. ஐபோனில் ஏபிகே ஓடாது. நம் ஊரில் ஆப்பிளின் ஆப் ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவ முடியாத அந்த இறுக்கத்தைச் சிலர் சிறை என்கிறார்கள், சிலர் காம்பவுண்டுச் சுவர் என்கிறார்கள். எதைத் தட்டுவது என்று தெரியாத பெரியவர் வீட்டில் இருந்தால் எனக்குச் சுவர் பரவாயில்லை என்றுதான் தோன்றும். ஆண்ட்ராய்டிலும் "தெரியாத ஆப்களை நிறுவ அனுமதி" என்பதை அணைத்தே வைத்தால் பாதி ஆபத்து குறையும்.

நம்மைப் பின்தொடர்ந்து விளம்பரம் போடும் விஷயத்தில் ஆப்பிள் 2021இல் ஒரு வெட்டு வெட்டியது. பின்தொடரலாமா என்று ஒவ்வொரு ஆப்பும் நம்மிடம் கேட்க வேண்டும் என்று விதி வந்தது. அதனால் 2022இல் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று ஃபேஸ்புக்கின் மெட்டாவே சொன்னது. உடனே ஆப்பிளைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். ஐபோனில் தேடல் கூகுளுக்கே போக வேண்டும் என்பதற்காக 2022இல் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர், நீதிமன்ற ஆவணத்தில் வந்த எண் இது. வெளியே சண்டை, உள்ளே சம்பந்தி.

தமிழ் எதில் நன்றாக வருகிறது?

இப்போது இரண்டிலும் வருகிறது. ஆண்ட்ராய்டின் ஆரம்ப வருடங்களில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், ஊரில் இருந்து வந்த செய்தியைப் படிக்க முடியாமல் தங்கிலீஷில் திரும்ப அனுப்பச் சொன்ன காலம் அது. ஆப்பிள் 2013இல் ஐஓஎஸ் 7இலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளையும் போனுக்குள்ளேயே வைத்துவிட்டது. அந்த அஞ்சல், மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் இருந்து வந்தது. நம் ஆட்களில் ரொம்பப் பேருக்கு இது தெரியாது. ஆனால் என் வீட்டில் தட்டச்சு செய்வது நான் மட்டும்தான், மற்றவர்கள் பேசுகிறார்கள். 2017இல் கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் வந்த பிறகு அம்மா "சாயங்காலம் வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா" என்று மைக்கைப் பிடித்துச் சொல்வார், எழுத்தாக வந்து நிற்கும். கொத்தமல்லி தப்பாமல் வருவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

கேமரா?

இரண்டிலும் நல்லது நல்லதாகவே இருக்கிறது. வீடியோ அதிகம் எடுப்பவர் ஐபோன் என்பார், நிலாவைப் பெரிதாக்கிப் பார்ப்பவர் வேறு சொல்வார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டதும் எல்லாம் ஒன்றாகிவிடும்.

ஐபோன் வாங்க வசதி இருந்தும் ஆண்ட்ராய்டே போதும் என்பவர்கள் இருக்கிறார்களா?

நிறைய. இடம் வாங்கி விற்கும் மாமா ஒருவருக்கு இரண்டு சிம், இரண்டும் இஷ்டத்துக்குக் கழற்றி மாட்ட வேண்டும். நம் ஊரில் விற்கும் ஐபோன்களில் பெரும்பாலும் ஒரு சிம்மைச் செருகலாம், இன்னொன்று அட்டையே இல்லாத இ-சிம்மாகத்தான் போக வேண்டும். அப்புறம் அவருக்குப் பேச்சு ரெக்கார்டு ஆக வேண்டும், அட்வான்ஸ் விஷயத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதுதான் அவர் தொழிலே. ஐபோனில் அந்த வசதி 2024 அக்டோபரில்தான் வந்தது, அதுவும் பதிவாகிறது என்று எதிர்முனைக்கும் கேட்கிற மாதிரி அறிவித்துவிட்டுத்தான் பதிவு செய்யும். மாமா அந்த அறிவிப்பை ஒருமுறை கேட்டார், போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டார். ஆண்ட்ராய்டிலும் கூகுளின் சொந்த டயலரில், அதாவது அழைப்பு ஆப்பில், அறிவிப்பு வரும், அதனால் அவர் போன் வாங்கும்போது அதில் யாருடைய டயலர் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்.

இதற்கு நேர் எதிராக, பார்வையில்லாத நண்பர் ஒருவர் ஐபோனைத் தவிர வேறு தொட மாட்டார். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் 2009இலேயே ஐபோனில் வந்துவிட்டது, அதன் விரல் அசைவுகளில் அவருக்கு அவ்வளவு வேகம். ஆண்ட்ராய்டில் அதே வேலைக்கு டாக்பேக் இருக்கிறது, அதில் ஓட்டமாக ஓடுகிறவர்களும் உண்டு. அவர் எதில் கற்றுக்கொண்டாரோ அதில் இருக்கிறார்.

மூன்றாவதாக ஒன்று ஏன் இல்லை?

இருந்தது, செத்துப்போனது. நோக்கியா 2011இல் விண்டோஸ் போனுக்குப் போனது. பார்க்க அழகான சாதனம்தான், ஆனால் ஆப் இல்லை. ஆப் இல்லாததால் வாங்க ஆள் இல்லை, ஆள் இல்லாததால் ஆப் செய்ய யாரும் வரவில்லை. பிளாக்பெரி தன் பழைய போன்களுக்கான சேவையை 2022 ஜனவரியில் நிறுத்தியது. 2023இல் சென்னை ஐஐடியில் வளர்ந்த ஒரு நிறுவனம் பார்ஓஎஸ் என்று அறிமுகம் செய்தது, கடையில் அதைக் கேட்டு வாங்கியவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் இருந்த நோக்கியா தொழிற்சாலையை 2014 நவம்பரில் மூடினார்கள், வரி வழக்கு உட்படப் பல காரணம். அதே வட்டாரத்தில் இப்போது ஃபாக்ஸ்கானில் ஐபோன் தயாராகிறது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி அந்தப் பக்கம் ஐபோன் லைனில் வேலைக்குப் போகிறாள். அவள் கையில் இருப்பது பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு. ஏன் என்று கேட்டால், "தெனமும் அதையேதான்ணா பாக்குறேன்" என்று சிரிக்கிறாள்.

கடைசியாக, எதைத்தான் வாங்கச் சொல்கிறாய்?

ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். போனில் ஏதாவது மாட்டிக்கொண்டால் வீட்டில் யார் கையில் கொடுப்பீர்கள்? மகனா, மருமகளா, பக்கத்து வீட்டுப் பையனா? அவர் வைத்திருப்பதையே வாங்குங்கள். திரை உடைந்தால் மாற்ற எவ்வளவு ஆகும், உங்கள் ஊரிலேயே மாற்ற முடியுமா என்று வாங்கும் முன்பே ஒரு கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐபோன் திரை விலையைக் கேட்டுவிட்டு விரிசலோடு ஓட்டுகிறவர்கள் பலர்.

பெரியப்பா இதையெல்லாம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார், நடுவில் இரண்டு தடவை காபி. மறுநாள் கடைக்குப் போய், நான் சொன்னதில் இல்லாத ஒரு போனை வாங்கி வந்தார். மயில்கழுத்து நிறம் பிடித்துப்போனதாம். நேற்று ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டு ஹாட்ஸ்பாட் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்.